லாரி டிரைவருக்கு வந்த அரிப்பு

1

இந்தக் கதை என் தொடை இடுக்கில் தொடங்கியது. இதைவிடக் கௌரவமான ஒரு தொடக்கத்தை நான்கு நாட்களாகத் தேடினேன். மழையில் தொடங்கிப் பார்த்தேன். பூஞ்சையில் தொடங்கிப் பார்த்தேன். குழந்தைகள் காப்பகத்தின் நீல நிறக் கதவில்கூடத் தொடங்கிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே வந்தன, மூன்றிலும் நான் இல்லை.

படர்தாமரை என்பது நோயின் பெயர். பெயர் வைப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. குளத்தில் இருக்கவேண்டிய பூவைக் கொண்டுவந்து இடுப்புக்குக் கீழே நட்டுவிட்டார்கள்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. எழுதுவது தொழில் என்று சொல்லிக்கொள்கிறேன். தங்கைக்கு முப்பத்தெட்டு. கல்யாணப் பேச்சை ஆளுக்கொரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டு, மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் சேர்ந்து இருக்கிறோம். வேலைக்குப் போகும் பெற்றோர் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் அவள் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். இப்போது பத்து நாட்களாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டாவது தடவையாக. வரும் திங்கட்கிழமை அங்கே பெற்றோர் கூட்டம். அவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பது அன்றைக்கு முடிவாகும். இன்று வியாழன்.

அவள் வேலை போனால் அதற்குக் காரணம் நான். அது அவளுக்குத் தெரியாது. கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் இதை அவளிடம் சொல்லாமல் எப்படித் தள்ளிப்போட்டேன் என்ற விவரம்.

2

[முதல் தொடக்கம். கைவிடப்பட்டது.]

"பூஞ்சைக்கு மனிதன்மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அதற்கு வேண்டியது கொஞ்சம் வெதுவெதுப்பு, கொஞ்சம் ஈரம், தின்பதற்குத் தோலின் மேலே கிடக்கும் செத்த அடுக்கு. இறுக்கமான உடை, காயாத துணி, வியர்வை தங்கும் மடிப்பு, ஒருவர் துடைத்த துண்டில் இன்னொருவர் துடைத்துக்கொள்வது, சர்க்கரை நோய், வீட்டைச் சுற்றும் விலங்குகள்..."

இந்த இடத்தில் நிறுத்தினேன். நடையில் குறை இல்லை, மருத்துவமனைச் சுவரில் அப்படியே ஒட்டலாம். ஆனால் காரணங்களைப் பட்டியல் போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. காயாத துணி என்று எழுதினால் அது யாருடைய துணி என்று எவரும் கேட்கமாட்டார்கள். துண்டு என்று பொதுவாக எழுதினால் துண்டுக்குச் சொந்தக்காரன் நழுவிவிடலாம்.

(அந்தப் பட்டியலில் 'வீட்டைச் சுற்றும் விலங்குகள்' என்பதற்கு மட்டும் இரண்டு அடிக்கோடு போட்டிருந்தேன். எங்கள் பால்கனிக்கு ஒரு பூனை வரும். தங்கை அதற்குச் சோறு வைப்பாள். முதல் தடவை அவளுக்கு வந்தபோது, "பூனையால இருக்குமோ?" என்று அவள் யோசித்தாள். "இருக்கும் இருக்கும்," என்றேன். அன்றோடு அவள் சோறு வைப்பதை நிறுத்தினாள். பூனை நான்கு நாள் வந்து கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.)

ஈஸ்ட் என்ற இன்னொரு வகைப் பூஞ்சை பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அது முழுக்கத் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. காப்பகத்தில் பதறிப்போய் நிற்கும் தாய்மார்களிடம் அவள் சொல்வாள்: "இது படர்தாமரை இல்லம்மா. ஈரத்துணிய மாத்த லேட்டானா மடிப்பெல்லாம் செக்கச்செவேல்னு ஆயிடும், ஓரத்துல பொடிப்பொடியா புள்ளி போடும். இது ஈஸ்ட். எங்கிருந்தும் வரல, நம்ம உடம்புலயே குடியிருக்கறதுதான். எடம் குடுத்தா கூட்டம் சேத்துடும். நல்லா ஈரம் போகத் துடைச்சு, டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க."

நாளொன்றுக்கு இருபது குழந்தைகளின் தோலைப் பார்க்கிறவள். துணி மாற்றும்போதே ஓரப்பார்வையில் இன்னது என்று சொல்லிவிடுவாள். தன் கையில் வந்ததை மட்டும் அவளால் அடையாளம் காண முடியவில்லை. அதற்கும் காரணம் நான்தான். எப்படியென்றால்

[வாக்கியம் பாதியில் நிற்பதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை. எழுந்து குளியலறைக்குப் போய்விட்டு வந்தேன். மன்னிக்கவும்.]

3

[இரண்டாம் தொடக்கம். இதுவும் கைவிடப்பட்டதுதான், ஆனால் உண்மை இதில் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.]

"மழை விட்டபாடில்லை."

ஆமாம், விடவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பு மூன்று வாரம் விடாமல் பெய்தது. ஆனால் பாதி காய்ந்த உள்ளாடையை மழை வந்து எனக்கு மாட்டிவிடவில்லை. நானேதான் மாட்டிக்கொண்டேன், அதன்மேல் இறுக்கமான ஜீன்ஸ் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு, ரெக்சின் உறை போட்ட நாற்காலியில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்து நாவல் எழுதினேன். நாவல் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது. தொடையில் ஒரு வட்டம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது. நடுவில் தெளிந்தும் ஓரத்தில் சிவந்தும், என் எழுத்தில் இல்லாத ஒழுங்கோடு.

மருந்துக்கடைக்குப் போனேன்.

"சொல்லுங்க சார்."

"அரிப்புக்கு ஏதாவது..."

"எங்க சார்?"

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். "பொதுவா," என்றேன்.

கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அனுபவஸ்தர். ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். "குளிச்சிட்டுத் தடவுங்க. மூணு நாள்ல போயிடும்."

மூன்று நாளில் போய்விட்டது. அதுதான் பெரிய தொந்தரவு. பத்தாம் நாள் திரும்பி வந்தது, கொஞ்சம் பெரிதாக. திரும்பத் தடவினேன், திரும்பப் போனது, திரும்ப வந்தது. அந்த ட்யூபுக்குள் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருந்தன. அதில் ஒன்று ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அது உடனே அமர்த்திவிடும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டால் வீட்டில் சத்தம் இருக்காது, திருடனும் இருப்பான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ட்யூப் காலியாகக் காலியாக அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தேன்.

இங்கே எங்கள் வீட்டு ஏற்பாடு ஒன்றைச் சொல்லவேண்டும். சமையல் அவள், துணி துவைப்பது நான். நான் வீட்டிலேயே இருக்கிறவன் என்பதால் இப்படி. அவள் துவைத்தால் அவள் துணியைத் தனியாக ஊறவைப்பாள், காப்பகத்தில் பழகிய சுத்தம். நான் எல்லாவற்றையும் ஒரே வாளியில் அமுக்கிவிடுவேன். மிச்சமாகும் நேரத்தில் ஒரு பத்தி எழுதலாம் என்று நினைப்பு. குளியலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு துண்டுகள் தொங்கும். மழைக்காலத்தில் எது காய்ந்திருக்கிறதோ அதை எடுத்துத் துடைத்துக்கொள்வேன். காய்ந்திருந்தது பெரும்பாலும் அவளுடையது.

4

மூன்றரை மாதத்துக்கு முன்பு ஒரு காலையில், "என்னண்ணா இது, வட்டமா வருது?" என்று இடது முன்கையைத் திருப்பிக் காட்டினாள்.

நான் பார்த்தேன். பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. அதன் அண்ணன் என் தொடையில் இருந்தான்.

"உடம்புச் சூடு," என்றேன். "தண்ணி நிறையக் குடி."

பிறகு, நல்லவனாக இருக்கவேண்டும் என்ற ஆசையில், அந்த ட்யூபைக் கொண்டுவந்து கொடுத்தேன். "இதத் தடவு, போயிடும்."

"பாதி காலியாயிருக்கே. நீ எதுக்கு வாங்கின?"

"கொசுக்கடிக்கு."

அவள் மூன்று வாரம் தடவினாள். வட்டம் வட்டமாக இல்லாமல் போனது. ஓரம் கலைந்து, நிறம் மங்கி, வெறும் வறண்ட தோல்போல ஆகிவிட்டது. பார்த்தவுடன் பெயர் சொல்கிற அவள் கண்ணுக்கே தெரியாதபடி அதற்கு முகமூடி போட்டுவிட்டது அந்தக் க்ரீம். அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

காப்பகத்தில் எட்டு மாதக் குழந்தை ஒன்று உண்டு. அதற்கு அவள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. பெயருக்கு நேர்மாறாக யார் தூக்கினாலும் தூங்காது, அவள் இடது கையில் சாய்த்துக்கொண்டால் மட்டும் தூங்கும். இன்னொருவன் இரண்டு வயதுப் பட்டாளம், அவன் ஒருவன் போடும் சத்தத்துக்காக அந்தப் பெயர். முதலில் தூங்குமூஞ்சியின் தொடையில் வட்டம் வந்தது, சரியாக அவள் முன்கை படும் இடத்தில். அடுத்த வாரம் பட்டாளத்தின் கழுத்தில். தாய்மார்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். மேலாளர் அம்மா தங்கையைக் கூப்பிட்டு, சட்டைக் கையை ஏற்றச் சொல்லிப் பார்த்தார்.

"டாக்டர் லெட்டர் கொண்டு வர்ற வரைக்கும் வீட்ல இரும்மா," என்றார். அவர் நல்லவர்தான். இந்தக் கதையில் வில்லனாக வைக்க நான் மிகவும் முயன்றேன், முடியவில்லை.

5

தோல் மருத்துவரிடம் நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். இளம்பெண். மேசை முழுக்கக் கோப்பு. தங்கையின் கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். லேசாகச் சுரண்டி ஒரு கண்ணாடித் தகட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார், கால் மணி நேரம் கழித்து வந்தார்.

"பூஞ்சைதான். ஏதாவது க்ரீம் போட்டீங்களா?"

தங்கை ட்யூபை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை யாரு குடுத்தா?"

"நானே கடைல வாங்கினேன் டாக்டர்," என்றாள் தங்கை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருத்துவர் இப்படிப்பட்ட ட்யூபுகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் கோபமாகப் பேசினார். ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். துணியைத் தனியாகச் சுடுநீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, உட்புறம் திருப்பி இஸ்திரி போடச் சொன்னார். எழுதிக்கொண்டே கேட்டார்:

"வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

தங்கை என்னைப் பார்த்தாள். சாதாரணமான பார்வை, பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல.

"இல்ல டாக்டர்," என்றேன்.

இந்த வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. அதைச் சொன்னபோது நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். அரிப்பு உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. எதற்காகப் பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். பெரிய காரணம் எதுவும் இல்லை. மருத்துவர் இளம்பெண், பக்கத்தில் தங்கை, இடம் அப்படிப்பட்ட இடம். காட்டுங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு பெண்ணின் பன்னிரண்டு வருட வேலையையும் என் பேன்ட் பொத்தானையும் தராசில் வைத்தேன், பொத்தான் கனமாக இருந்தது.

அவள் நாற்பத்திரண்டு நாளும் ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட்டாள். மறைந்தது. கடிதத்தோடு வேலைக்குத் திரும்பினாள். ஒரு மாதம் கழித்து வயிற்றில் புதிதாக ஒன்று வந்தது, திரும்பவும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். துணியைத் தனியாக ஊறவைக்கவேண்டும் என்பதை நான் இரண்டு வாரம் கடைப்பிடித்திருந்தேன். துண்டு விஷயத்தில் அதுவும் இல்லை.

"எங்கிருந்தோ திரும்பத் திரும்ப வருது," என்றார் மருத்துவர், புரியாமல். மேலாளர் அம்மாவின் கவலையும் அதேதான். "ஏன் வருதுன்னு தெரியாம நான் பெத்தவங்களுக்கு என்னம்மா பதில் சொல்றது? இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும்னா யாரு புள்ளைய விடுவாங்க?"

தங்கை வீட்டில் எல்லாவற்றையும் கொதிக்கவைக்க ஆரம்பித்தாள். தலையணை உறை, சீப்பு, கைக்குட்டை. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். ஒருநாள் மதியம் அவள் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன், தோல் சிவந்த பிறகும் நிறுத்தவில்லை. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதை எழுத உட்கார்ந்தேன்.

6

நேருக்கு நேர் சொல்ல வாய் வரவில்லை என்பதால் கதையாகச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். நான் எழுதுவதை அச்சுக்கு முன்னால் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். பென்சிலோடு உட்காருவாள். தயவுதாட்சண்யம் கிடையாது.

எனவே இரண்டு பிரதிகள். ஒன்று அவளிடம் கொடுக்க. நீங்கள் படிப்பது மற்றது.

அவளுக்கான பிரதியில் காப்பகத்துப் பெண் அப்படியே இருந்தாள். அண்ணனை எடுத்துவிட்டேன். பதிலாக ஒரு கணவனைப் போட்டேன், லாரி டிரைவர். எனக்கு லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது, டிரைவர்களைப் பற்றி அதைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் அவன் நாள் முழுக்கச் சூடான இருக்கையில் உட்கார்ந்தே இருப்பான், ஊர் ஊராகப் போவான், குற்றத்தைச் சுமக்கத் தோதான ஆள்.* அவனுக்கு அரிப்பு வருகிறது, மறைக்கிறான், மனைவிக்குத் தொற்றுகிறது. கடைசியில் என்ன ஆகிறது என்பதை எழுதாமல் விட்டிருந்தேன்.

* உண்மையான லாரி டிரைவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னிக்கவேண்டும். ஆள் அகப்படவில்லை என்பதால் உங்களைப் பிடித்துப் போட்டுவிட்டேன்.

அந்தப் பாத்திரத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. அவன் என்ன சாப்பிடுவான், யாரோடு சிரிப்பான், ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பான், எதுவும் தெரியாது. அட்டையில் வெட்டி நிறுத்திய ஆள். ஆனால் ஒரு பத்தியில் மட்டும் அவன் திடீரென்று மூச்சு விட்டான்:

"வருவதற்கு முன்னால் ஒரு சின்ன அமைதி இருக்கும். போய்விட்டது என்று நம்பத் தோன்றும். அப்போதுதான் ஊசிமுனை அளவில் ஓரிடத்தில் ஆரம்பிக்கும். சொறிந்தால் முதலில் அப்படியொரு சுகம், கண் சொருகும். அடுத்து எரிச்சல். அதற்கடுத்து வெட்கம். இடது பக்கமாகச் சாய்ந்து, வலது தொடையைத் துளி தூக்கினாற்போல உட்கார அவன் பழகிக்கொண்டான். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல நின்றுகொள்வான்."

வியாழன் மாலை அவளிடம் கொடுத்தேன். "லாரி டிரைவர் கதையா?" என்று முதல் வரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

7

அவள் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. அண்ணன் யாருக்கும் தெரியாமல் வேறொரு மருத்துவரிடம் போய் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிடுகிறான். தங்கைக்கு அதன்பிறகு வரவே இல்லை. எல்லோரும் நலம். இந்த முடிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதிலேயே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். திங்கட்கிழமை மேலாளர் அம்மா கேட்கப்போவது 'ஏன் வந்தது' என்ற ஒன்றைத்தான். அதற்குப் பதில் இல்லாமல் தங்கை நின்றால், அவள் உடம்பே அப்படி என்று முடிவு கட்டிவிடுவார்கள். அண்ணன் குணமாகிவிடுவான், அவள் வேலை போய்விடும்.

முடிவு ஆ. பூனை திரும்பி வருகிறது. அதன் முதுகில் ஒரு சொட்டை. (வெட்கங்கெட்டவன்.)

முடிவு இ. தங்கைக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும், பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறாள். குற்றம் செய்த எழுத்தாளர்கள் எழுதும் கதைகளில் பெண்கள் எப்போதும் மன்னித்துவிடுவார்கள். எனக்கே குமட்டியது.

முடிவு ஈ. அண்ணன் சொல்கிறான். அவள்

[இதற்கு மேல் எழுத வரவில்லை.]

8

வெள்ளி மதியம் கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியையும் உட்புறம் திருப்பி, தையல் ஓரங்களில் அழுத்தி. மேசையின் மறுகோடியில் என் பிரதி இருந்தது. எடுத்துப் புரட்டினேன். முதல் பக்கத்தில் மூன்று பிழை திருத்தம். இரண்டாம் பக்கத்தில், 'லாரிக்கு எத்தனை சக்கரம்னாவது கேட்டுட்டு எழுது.' மூன்றாம் பக்கத்தில் அந்தப் பத்தி முழுவதற்கும் பக்கவாட்டில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்:

'எனக்குக் கையில, வயித்துல. இவருக்குத் தொடைல. யார்கிட்டக் கேட்ட?'

அதற்குக் கீழே, பென்சிலைக் கூராக்கிவிட்டு எழுதியதுபோல இன்னும் தெளிவாக:

'சாஞ்சு உக்கார்றது லாரில இல்ல. நம்ம வீட்டு நாற்காலில.'

வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு பாத்திரத்தை நன்றாக எழுதியிருந்தேன்.

"படிச்சியா?" என்றேன். வேறு என்ன கேட்பது.

"ம். லாரி டிரைவர் ஒரு பக்கம் நல்லா இருக்காரு. மத்ததெல்லாம் சும்மா." இஸ்திரிப் பெட்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "அந்த ஆளுக்கு எத்தனை மாசமா இருக்கு?"

"கதைல அதச் சொல்லல."

"நான் கதையக் கேக்கல."

கையிலிருந்த பிரதியை மேசையில் வைத்தேன்.

"அஞ்சு மாசம்," என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "எனக்கு மூணரை," என்றாள். "அப்ப அந்தக் கொசுக்கடி ட்யூபு."

"ஆமா."

"டாக்டர் நேராவே கேட்டாங்களேண்ணா."

"வெக்கமா இருந்துச்சு."

"என்னத்துக்கு வெக்கம்? ஒரு நாளைக்கு இருபது பேருக்குக் கழுவி விடறவ நான். எங்கிட்ட உனக்கு என்ன வெக்கம்?"

அவள் குரலை உயர்த்தவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் என்னெல்லாம் நினைச்சேன் தெரியுமா? ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். சர்க்கரைக்கு ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்தேன். அந்தப் பூனையப் பட்டினி போட்டேன். தூங்குமூஞ்சியோட அம்மா எங்கிட்டருந்து புள்ளைய வாங்கும்போது, என் கை படாம வாங்கினாங்க. பன்னெண்டு வருஷத்துல யாரும் அப்படி வாங்கினதில்ல. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். நீ அந்த ரூம்லதான் உக்காந்திருந்த. என்ன எழுதிட்டிருந்தன்னு தெரியல."

நாற்பதாம் பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, நெஞ்சு வலித்தது, தொடையும் அரித்தது. மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் எதையும் ஒழுங்காகச் செய்ய முடிவதில்லை.

"மன்னிச்சுடுன்னு சொல்லாத," என்றாள். "இப்ப அதுக்கு எனக்கு நேரம் இல்ல. நாளைக்குக் காலைல டாக்டர். வந்து காட்டு. அப்புறம் மேலாளர் அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுது. நீதான் எழுத்தாளராச்சே. முதல் வரில நீ இருக்கணும். மழை வேண்டாம்."

9

சனிக்கிழமை காட்டினேன். அது நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவருக்கு அது தினசரி பார்க்கும் தொடைகளில் ஒன்று. சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, "அன்னிக்கே சொல்லியிருந்தா இவங்க இப்ப வேலைல இருந்திருப்பாங்க," என்று மட்டும் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு இரண்டு பேருக்கும் தனித்தனிச் சீட்டும், காப்பகத்தில் காட்ட ஒரு குறிப்பும் எழுதினார்.

மதியம் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

[மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு, மனித உடல் என்பது] அடித்துவிட்டாள்.

[இக்கடிதத்தைக் கனத்த இதயத்தோடு] அடித்துவிட்டாள்.

[சில தவிர்க்க முடியாத சூழ்நிலைகளால் எங்கள் வீட்டில்] பென்சில் முனை ஒடிந்தது.

ஏழாவது தடவை இப்படி வந்தது:

"வணக்கம். நான் உங்களிடம் வேலை பார்க்கும் இவருடைய அண்ணன். எனக்கு ஐந்து மாதமாகப் படர்தாமரை இருக்கிறது. மருத்துவர் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். என் துணியோடு சேர்த்துத்தான் இவர் துணியையும் துவைத்தேன், இவர் துண்டையும் பயன்படுத்தினேன். தவறான க்ரீமை இவருக்குக் கொடுத்ததும் நான்தான். இரண்டு தடவையும் என்னிடமிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை இணைத்திருக்கிறேன். இவர் ஒரு மாத்திரையையும் தவறவிடவில்லை. இன்று முதல் நானும் சாப்பிடுகிறேன்."

படித்தாள். ஒன்றையும் திருத்தவில்லை. கீழே தன் கையெழுத்தில் அவளே இதைச் சேர்த்தாள்:

"என் கையிலிருந்துதான் பிள்ளைகளுக்கு வந்தது. அதற்கு நான் வருத்தப்படுகிறேன். பிள்ளைகளைத் தூக்கியதில் உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது வந்திருந்தால் மறைக்காமல் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைக்குத் திரும்பவும் வரும், எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது."

10

திங்கட்கிழமையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்ததாகத்தான் எழுதுவேன். நான் எழுதும் எதையும் இனிமேல் அவ்வளவு எளிதாக நம்பவேண்டாம். அதனால் உங்களை அந்தக் கூட்டத்தில் உட்காரவைத்துவிட்டு விலகிக்கொள்கிறேன்.

காப்பகத்தின் பெரிய அறை. சுவர் முழுக்கக் குழந்தைகள் கையை மையில் தோய்த்துப் பதித்த அச்சுகள். பெரியவர்கள் உட்காருவதற்கு அங்கே தோதான நாற்காலி இல்லை, முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. நீங்கள் இரண்டாவது வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளையின் தொடையில் போன தடவை ஒரு வட்டம் வந்து, மருந்து போட்டு மறைந்தது. உங்களுக்கு அதைவிட இன்னொன்றும் தெரியும். இரண்டு வாரமாக உங்கள் இடுப்பில், பிள்ளையை வைத்துக்கொள்ளும் பக்கத்தில், ஒன்று இருக்கிறது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. இதோ இந்த நிமிடம்கூட அது சும்மா இல்லை.

மேலாளர் அம்மா கடிதத்தை வாசித்து முடித்து மடிக்கிறார். முன்வரிசையில் ஒருவர், "இதெல்லாம் சரிம்மா, ஆனா இவங்க ஒருத்தர் கைலருந்துதானே எல்லாருக்கும் வந்துச்சு, திரும்பவும் வராதுன்னு என்ன நிச்சயம்?" என்கிறார். பலர் தலையாட்டுகிறார்கள். ஒருவர் எழுந்து 'எனக்கும் இருக்கு' என்று சொன்னால் பேச்சு வேறு திசைக்குப் போகும். வேறு யாரிடமும் இல்லை என்றால் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது என்று ஆகிவிடும். என் தங்கை கதவோரமாக நிற்கிறாள். அரைக்கைச் சட்டைதான் போட்டிருக்கிறாள்.

"வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு மேலாளர் அம்மா அறையைச் சுற்றிப் பார்க்கிறார். உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் செல்போனை எடுத்துக்கொள்கிறார். எல்லோரும் கொஞ்சம் அசைந்து உட்காருகிறார்கள்.

நான் வெளியே தெருவில் நிற்கிறேன், உள்ளே பேசுவது எனக்குக் கேட்காது. அவர் பார்வை முதல் வரிசையைக் கடந்து இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டது. உங்கள் இரண்டு கைகளும் இப்போது எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.